டெக்கல் மேல் வெள்ளைப் படலம்: 1/72 ஸ்பிட்ஃபயரைக் காப்பாற்ற வழி உண்டா?

பசைக்கை (வேளச்சேரி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதமாக மாலை வேளைகளில் கட்டிவந்த ஏர்ஃபிக்ஸ் 1/72 (அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு) பிளாஸ்டிக் மாதிரி விமானம், ஸ்பிட்ஃபயர் மார்க் 1, முடியும் தறுவாயில் கெட்டுவிட்டதோ என்ற அச்சத்தில் இதை எழுதுகிறேன். பள்ளி நாட்களில் கட்டி உடைத்தவற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இது என் இரண்டாவது கிட். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பதினைந்தரை சென்டிமீட்டர்தானே, எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த 234-ஆம் ஸ்குவாட்ரன் (பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு) விமானமாக இதை ஆக்க வேண்டும் என்பது என் ஆசை. மெட்ராஸ் மாகாணத்திலிருந்து திரட்டிய போர் நிதிக்கு நன்றியாக அந்த ஸ்குவாட்ரனின் பெயரோடு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்பதும் சேர்ந்ததை அறிந்த நாளிலிருந்து, வேறு எந்தக் குறியையும் ஒட்ட மனம் வரவில்லை. அதன் விமானங்களில் எழுதிய ‘ஏஇசட்’ என்ற அடையாள எழுத்துகள் கிட்டில் இல்லாததால், நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக வைத்திருந்த பழைய டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படம்) தாளிலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டேன். வட்டச் சின்னங்கள் மட்டும் கிட்டோடு வந்தவை.

மேற்புறத்துக்கு டாமியா அக்ரிலிக் நிறங்களில் எக்ஸ்எஃப்-52 (பழுப்பு), எக்ஸ்எஃப்-81 (பச்சை), அடிப்புறத்துக்கு எக்ஸ்எஃப்-21. எல்லாம் பிரஷ்ஷால் அடித்தவை. நிறம் காய்ந்த மறுநாளே டெக்கல்களை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து, மழை விட்டிருந்த ஒரு மாலையில், பால்கனியில் வைத்து மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். அடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் இறக்கையின் மேல் திருநீறு பூசியது போல வெளுத்திருக்கிறது. எழுத்துகளைச் சுற்றியுள்ள தெளிவான ஓரம் வெள்ளிபோல மின்னுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். பாட்டில் கையில் இருக்கிறது, துணிவுதான் வரவில்லை. என்ன செய்யலாம்?

பழைய கிட் (திருச்சி):

தம்பி, முதலில் அந்த ஆல்கஹால் பாட்டிலை மூடி வேறு அறையில் வையுங்கள். டாமியா அக்ரிலிக் நிறத்தை உரித்தெடுக்க நாங்கள் பயன்படுத்துவதே அதைத்தான். வார்னிஷைத் துடைக்கப் போய், கீழே இருக்கும் பச்சையும் பழுப்பும் பஞ்சோடு வந்துவிடும்.

உங்களிடம் இருப்பது ஒரு நோயா, இரண்டு நோய்களா என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும். வார்னிஷின் மேற்பரப்பே பூத்துப்போனாலும் வெள்ளையாகத் தெரியும். டெக்கலுக்கு அடியில் காற்று சிக்கிக்கொண்டாலும் வெள்ளையாகத் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. மெல்லிய பிரஷ்ஷால் ஒரு சொட்டுத் தண்ணீரை வெளுத்த இறக்கையின் மேல் வையுங்கள். ஈரமாக இருக்கும்வரை வெள்ளை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் கோளாறு மேற்பரப்பில் இருக்கிறது. கருங்கல் தரை நனைந்தால் கறுப்பதும் காய்ந்தால் வெளுப்பதும் போலத்தான் இது. சொரசொரப்பில் ஒளி சிதறுவதால் வரும் வெள்ளை, நீர் அந்தச் சொரசொரப்பை நிரப்பியதும் மறைகிறது. இதையே எழுத்துகளின் ஓரத்திலும் செய்யுங்கள். தண்ணீருக்கு அடியிலும் வெள்ளி மின்னிக்கொண்டே இருந்தால், காற்று டெக்கலுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். பாடப்புத்தக அட்டைக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாளுக்குள் காற்று புகுந்த இடம் எப்படி மின்னுமோ, அப்படித்தான் இதுவும் மின்னும். விமானத்தை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பார்த்தால் இந்த மின்னல் கூடிக் குறையும். பூத்துப்போன வார்னிஷ் எந்தக் கோணத்திலும் ஒரே வெளுப்பாக இருக்கும்.

சோதித்துவிட்டு எழுதுங்கள். அதுவரை எதையும் ஊற்ற வேண்டாம்.

பசைக்கை:

நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே செய்தேன். இறக்கையிலும் வட்டச் சின்னங்களின் மேலும் தண்ணீர் பட்டதும் நிறம் அப்படியே திரும்பி வந்தது. காய்ந்ததும் மறுபடி வெளுத்தது. ‘ஏஇசட்’ எழுத்துகளில் மட்டும் தண்ணீருக்கு அடியிலும் வெள்ளி மின்னுகிறது. இடது பக்கத்து ‘இசட்’டில் அது மிகவும் மோசமாக இருக்கிறது. அப்படியானால் எனக்கு இரண்டு நோய்களும் உண்டு.

நீலவண்ணி (கோவை):

வணக்கம். இரண்டும் வந்ததில் வியப்பில்லை. மேட் நிறத்தின் மேற்பரப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். டெக்கலின் படலம் அதன் மேடுகளில் மட்டும் உட்கார்ந்துவிடுவதால் பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. அதனால்தான் டெக்கல் ஒட்டும் முன் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் அடித்து மேற்பரப்பை வழவழப்பாக்கிக்கொள்கிறோம். நீங்கள் அந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள். கிட்டின் வட்டச் சின்னங்கள் மெல்லிய படலம் கொண்டவை என்பதால் மன்னித்துவிட்டன. பழைய தாளின் தடித்த, விறைத்த படலம் மன்னிக்கவில்லை.

இறக்கையின் வெளுப்புக்கு மழைக்கால மாலைதான் காரணமாக இருக்கும். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த வார்னிஷின் மேல் படிந்து, காயும் படலத்தைப் பால்போல ஆக்கிவிடுகிறது. கேனைப் போதுமான அளவு குலுக்காமல் அடித்தாலும், ஒரே இடத்தில் கனமாக அடித்தாலும், பளபளப்பை அடக்கச் சேர்த்திருக்கும் நுண்தூள் திட்டாகப் படிந்து இதே மாதிரி வெளுக்கும். எது காரணமானாலும், மேலே ஒரு கிளாஸ் பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்; நீங்கள் வைத்த தண்ணீர்ச் சொட்டு தற்காலிகமாகச் செய்ததை அது நிரந்தரமாகச் செய்யும். ஆகவே முதலில் விமானம் முழுவதும் கிளாஸ் அடித்துவிட்டு, பிறகு எழுத்துகளைக் கவனியுங்கள் என்பது என் கருத்து.

பழைய கிட்:

கோவை நண்பர் சொன்ன காரணங்கள் அனைத்தும் சரி. வரிசையில் மட்டும் நான் மாறுபடுகிறேன். எழுத்துகளுக்கு அடியில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டுமானால், டெக்கலை இளக்கும் கரைசல் அடிவரை இறங்க வேண்டும். ஏற்கெனவே ஒரு மேட் படலம் வழியை அடைத்திருக்கிறது. அதன் மேல் கிளாஸையும் அடித்தால் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டது போலாகும். முதலில் எழுத்துகள், பிறகு இறக்கை.

எழுத்துகளுக்கு நான் செய்வது இது. புதிய தையல் ஊசி ஒன்றை எடுத்து, வெள்ளி மின்னும் இடங்களில் மட்டும் செங்குத்தாக, நெருக்கமாகக் குத்துவேன். ஊசி வார்னிஷையும் டெக்கலையும் துளைத்தால் போதும். பிளாஸ்டிக்கைத் தொட வேண்டியதில்லை. பிறகு டெக்கலை இளக்கும் மைக்ரோ சால் என்ற கரைசலைப் பிரஷ் நுனியில் எடுத்து அந்தத் துளைகளின் மேல் வைத்தால், அது தானாக உள்ளே இழுக்கப்படும். மின்னல் ஓரிடத்தில் ‘பொசுக்’கென்று அணைந்து நிறம் தெரிவதைக் கண்ணால் பார்க்கலாம், இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த கணங்களில் அதுவும் ஒன்று. சில நிமிடங்களில் டெக்கல் சுருங்கிக் கிழவன் தோல் மாதிரி ஆகும். அப்போது பதறிப்போய் விரலால் தடவினால் கிழிந்துவிடும். விட்டுவிட்டால் தானே படிந்துகொள்ளும். ஓர் இரவு காய்ந்தபின் மீதமுள்ள இடங்களில் மறுபடி குத்துங்கள். மூன்று நாட்கள்கூட ஆகலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வலுவான கரைசல்கள் சிலவேளை அக்ரிலிக் நிறத்தையும் இளக்கிவிடும் என்பதால், கண்ணில் படாத அடிப்புறத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகு எழுத்துக்குப் போங்கள். அடுத்து, தின்னரையோ நகப்பூச்சு நீக்கியையோ அதற்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம். அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக்கே கரையும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். மெட்ராஸின் பெயர் தாங்கிய ஸ்குவாட்ரன்கள் மூன்று. அவற்றில் இன்னொன்று 264; டிஃபையன்ட் விமானங்களில் பறந்தது. அடுத்த கிட்டுக்கு இப்போதே இடம் ஒதுக்கிவையுங்கள்.

நீலவண்ணி:

ஐயா சொன்ன வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். கிளாஸை எதனால், எப்படி அடிப்பது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். டாமியாவின் எக்ஸ்-22 என்ற கிளாஸ் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசாதீர்கள். அதன் கரைப்பானும் உங்கள் நிறத்தின் கரைப்பானும் ஒரே குடும்பம் என்பதால், கீழேயுள்ள நிறம் இளகிப் பிரஷ்ஷோடு இழுபடும். பிரஷ்தான் வழி என்றால், வயேகோ போன்ற நீர் சார்ந்த கிளாஸ் வார்னிஷை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். ஒருமுறை பூசிய இடத்தை ஈரம் காயும்முன் மறுபடி தொடாதீர்கள்.

கடைசி மேட் பூச்சுக்குப் பொறுமை வேண்டும். ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைத் தாண்டிய நாளில் நான் கேனைத் தொடுவதில்லை. கேனைக் கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்து எடுத்து, நன்றாகக் குலுக்கி, ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான தொலைவிலிருந்து, விமானத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி மெல்லிய வீச்சுகளாக அடியுங்கள். சூடான நீரோ அடுப்போ கூடாது. பால்கனியில் அடித்தாலும் உடனே அறைக்குள் கொண்டுவந்து மூடிய பெட்டிக்குள் வைத்தால் தூசியும் ஈரமும் குறையும்.

பசைக்கை:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். ஊசியும் கரைசலும் வேலை செய்தன. வலப்பக்கம் இரண்டு எழுத்துகளும் இப்போது நிறத்தோடு நிறமாக அமர்ந்திருக்கின்றன. பேனல் கோடுகள்கூட (விமானத் தகடுகள் சேரும் இடத்துக் கோடுகள்) அவற்றின் வழியே தெரிகின்றன. மின்னல் அணையும் கணத்தை நானும் பார்த்தேன். வீட்டிலுள்ளோரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

இடப்பக்கத்து ‘இசட்’தான் போய்விட்டது. மூன்றாவது நாள் கரைசல் பட்டதும் அது நான்கு துண்டாக உடைந்தது. ஒரு துண்டு பிரஷ்ஷிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. தாளில் வேறு ‘இசட்’ இல்லை. அதே தாளில் எனக்குத் தேவைப்படும் வேறு எழுத்துகளும் உள்ளன. அவையும் இப்படித்தான் உடையுமா?

பழைய கிட்:

உடையும். மீதி எழுத்துகளை நனைக்கும் முன், தாளின் மேல் தெளிவான வார்னிஷை மெல்லிய படலமாகப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். விறைத்துப்போன டெக்கலுக்கு அது புதிய தோல். அதன்பின் ஒவ்வோர் எழுத்தையும் அதன் ஓரத்தை ஒட்டிக் கத்தரித்தே நீரில் போட வேண்டும், இல்லையென்றால் முழுத் தாளும் ஒரே டெக்கலாக வந்துவிடும்.

போன ‘இசட்’டைப் பற்றிக் கவலை வேண்டாம், வளைவே இல்லாத எழுத்து அது. ‘எஸ்’ஆக இருந்திருந்தால் நானும் வருந்தியிருப்பேன். மிச்சத்தை மாஸ்கிங் டேப்பால் ஒற்றியெடுத்து, மேடாகத் தெரியும் ஓரத்தை 2000 எண் உப்புத்தாளால் நீரில் நனைத்துத் தேய்த்து, பழுப்பும் பச்சையும் தொட்டுச் சரிசெய்யுங்கள். வலப்பக்கத்து எழுத்தை மெல்லிய தாளில் படியெடுத்து, அதன் அளவில் மாஸ்கிங் டேப்பை வெட்டி, நடுவில் எக்ஸ்எஃப்-83 சாம்பலை ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். நிறையத் தொட்டுப் பூசினால் டேப்புக்கு அடியில் ஊறிவிடும். நிறம் முழுதாகக் காயும்முன்னரே டேப்பை உரித்தால் ஓரம் கூர்மையாக இருக்கும்.

பசைக்கை:

‘இசட்’ ஆகிவிட்டது. வலப்பக்கத்தைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க எந்த விருந்தினராலும் முடியாது என்று தேற்றிக்கொண்டேன். வயேகோ கிளாஸ் பூசியதும் இறக்கையின் திருநீறு முழுவதும் போய்விட்டது. அதுவரை தனியே வைத்திருந்த விமானி அறையின் கண்ணாடி மூடியை, உடனடிப் பசையின் ஆவியில் அது மங்கிவிடும் என்று படித்திருந்ததால், ஃபெவிக்காலைக் குச்சி நுனியில் தொட்டு ஒட்டினேன். காய்ந்தபின் பசை இருந்த இடமே தெரியவில்லை.

மேட் பூச்சு மட்டும்தான் மிச்சம். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் பால்கனியில் மாட்டியிருக்கிறேன். முந்தாநாள் 88, நேற்று 81, இன்று மாலை 79. கேன் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.