வெள்ளிக்கிழமை மாதிரியில் ஈஆர் மங்குகிறது, வழி சொல்லுங்கள்

சிங்கப்பூரில் நோய்க்கூறியல் லேபில் இருப்பவர்கள் பார்க்கவும்.

வெள்ளி மாலை அறுவையில் வரும் மார்பகத் திசுவில் ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள்) இரண்டின் நிறமும் பலவீனம். அதே நோயாளியின் ஊசி பயாப்ஸியில் பளிச்சென்று பாசிட்டிவ். ஸ்லைடின் ஓரத்தில் அணுக்கரு அடர்பழுப்பு, நடுவில் வெறும் நீலம். அங்கே சாதாரண பால்நாளங்கள்கூட நிறம் ஏற்கவில்லை. ஆக, கட்டியின் குணம் மாறவில்லை. திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் எட்டுமுன் நடுப்பகுதி கெட்டிருக்கிறது. தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மருந்து தருவதா என்ற முடிவே இந்தச் சோதனையை நம்பித்தான்.

நிறமேற்றும் ஆன்டிபாடியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாற்றியாயிற்று. ஹீட் ரிட்ரீவலை (ஆன்டிபாடி ஒட்டும்படி ஸ்லைடைச் சூடாக்குவதை) 20 நிமிடத்திலிருந்து 40 ஆக்கியும் பயனில்லை. கண்ட்ரோல் ஸ்லைடு சரி. ஃபார்மலின் 10 சதவீத நியூட்ரல் பஃபர்ட், பிஎச் 7.2, திசுவைப்போல் 10 மடங்கு.

மாலை 6 மணிக்கு முழு மார்பகமாக ஊறவைத்து, திங்கள் காலை 9-க்குத்தான் வெட்டுகிறோம். 63 மணி நேரம், 72 மணி நேர வரம்புக்குள்தான். ஆனால் ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மி.மீ.தான் இறங்கும், கொழுப்பில் இன்னும் மெதுவு. 1 மணி நேரத்துக்குள் 5 மி.மீ. துண்டாக்க வேண்டும்; மார்ஜின் (அறுத்தெடுத்த திசுவின் வெளி ஓரம், மை தடவிக் குறிப்பது) குழம்பும் என்று அறுவை மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

இரவில் லேப் ஆள் இல்லாதபோது, மார்ஜின் மை கலையாமல் முதல் வெட்டை உங்கள் இடத்தில் யார், எப்படிப் போடுகிறார்கள்?