ஃபாகோர் வீழ்ந்த பிறகு: எல்லை கடந்த சந்தையில் கூட்டுறவுக்கு இடம் உண்டா?

கேள்வி:
வணக்கம். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-இல் ஐந்து இளைஞர்கள் தொடங்கிய தொழிற்கூடம், மொண்ட்ராகன் என்னும் மாபெரும் கூட்டுறவுக் குழுமத்துக்கு வித்தானது. அதே தொழிற்கூடத்தின் வழிவந்த ஃபாகோர் வீட்டுச்சாதன நிறுவனம் 2013-இல் நொடித்துப்போனது. தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருந்தும் நிலைக்க முடியவில்லையென்றால், உலகமயச் சந்தையில் கூட்டுறவுக்கு எதிர்காலம் உண்டா?

மறுமொழி 1:
போட்டியை மட்டும் குறைசொல்வது சரியாகாது. ஃபாகோர் 2005-இல் பிரான்சின் ‘பிராண்ட்’ (Brandt) என்னும் வீட்டுச்சாதன நிறுவனத்தை வாங்கிக் கடனில் சிக்கியிருந்த நிலையில், 2008-க்குப் பின் ஸ்பெயினில் வீடு கட்டுவது சரியவே, அடுப்பும் சலவை இயந்திரமும் விற்காமல் போயின. பாஸ்க் உறுப்பினர்கள் பலருக்குக் குழுமத்தின் பிற சங்கங்களில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. அந்த வகையில் கூட்டுறவு தன் கடமையைச் செய்தது. ஆனால் பிரான்சிலும் போலந்திலும் உழைத்தவர்கள் உறுப்பினர்கள் அல்லர், சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள். அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, வாக்கும் இல்லை. என்னை வருத்துவது இதுதான்.

மறுமொழி 2:
கண்ணூரின் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தையும் இங்கே நினைக்க வேண்டும். பீடித் தொழிலாளர் நலச் சட்டத்தை ஏற்க மறுத்து மங்களூர் முதலாளிகள் தொழிலை மூடியபோது, வேலையிழந்தவர்கள் 1969-இல் இச்சங்கத்தை அமைத்தார்கள். ஒருகாலத்தில் ஏறத்தாழ 42,000 பேர் அதில் பீடி சுற்றினார்கள். புகைப்பழக்கம் குறையத் தொடங்கியதும் சங்கம் ஒதுங்கி நிற்காமல் தேங்காய்ப்பால், குடை, கணினிச் சேவை எனத் திரும்பியது. ஆனால் புதிய தொழில்கள் அத்தனை கைகளுக்கும் வேலை தரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் உறுப்பினராக்குவதற்கு எது தடை?

மறுமொழி 1:
கூட்டுறவுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. மொண்ட்ராகனில் சேர்பவர் செலுத்த வேண்டிய மூலதனமும், சிறுகச் சிறுகப் பிடித்தம் செய்தாலும், எளிய தொகையன்று. இவற்றைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு: ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் விதியின்படி வெளிநாட்டவர் பெரும்பான்மையானால், பாஸ்க் உறுப்பினர்களின் ஊர் ஆலையை மூடுவதா என்பதையும் அவர்களே முடிவு செய்யக்கூடும் என்ற அச்சம். அந்த அச்சத்தை உறுப்பினர்கள் பொதுக்குழுவில் வெளிப்படையாகப் பேசத் துணியும் வரை, கடல் கடந்த கிளைகளில் கூட்டுறவு என்பது பெயரளவிலேயே இருக்கும்.