கோரைக்கு மருந்தா, மண்வெட்டியா?

இலாசுப்பேட்டையார்:
வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் செம்மண்ணில் கத்தரியும் வெண்டையும் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பின் பாத்தியெங்கும் கோரை மண்டிவிட்டது. களைக்கொட்டால் கொத்தினாலும் சில நாட்களில் மீண்டும் துளிர்க்கிறது. மருந்துக்கடையில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கச் சொல்கிறார்கள். தெளிக்கலாமா?

நெல்லிக்குப்பத்தார்:
செடிகள் நிற்கும்போது கூடாது; சாரல் பட்டால் கத்தரியும் சேர்ந்து கருகும். காய்ப்பு ஓய்ந்து நிலம் காலியானதும், கோரை செழித்து நிற்கையில் தெளித்தால், மருந்து இலை வழியே கிழங்குவரை இறங்கும். கையால் பிடுங்கினால் தாள்தான் வரும், கிழங்கு வராது.

கூத்தப்பாக்கத்தார்:
ஐயா, கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாகவே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அப்படியிருக்க, கடைக்காரர் ஒரு குடித்தனக்காரரிடம் அதை எடுத்து நீட்டுவதே தவறு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையும் 2015இல் அதனைப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் வைத்தது.

நெல்லிக்குப்பத்தார்:
அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை அதற்கு மாறான முடிவுக்கு வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலும், கொத்துவதால் கோரை பெருகவே செய்கிறது: சரமாகக் கோத்திருக்கும் கிழங்குகளின் தொடர்பு அறுந்ததும், அதுவரை உறங்கிக் கிடந்தவையும் தனித்தனியே முளைக்கின்றன.

கூத்தப்பாக்கத்தார்:
அதே உறக்கம்தான் உங்கள் மருந்துக்கும் தடை. இலையே விடாத கிழங்குக்குள் அது எவ்வழியே போய்ச் சேரும்? சித்திரை வெயிலில் பாத்தியை ஒரு முழ ஆழம் வெட்டிப் புரட்டி, கிழங்குகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, எஞ்சியவை வெயிலில் வற்றிச் சாகும்வரை தண்ணீர் விடாமல் போட்டு வைப்பதே வீட்டுத் தோட்டத்துக்குப் பொருந்தும். கோரை நிழலைத் தாங்காது என்பதால், அடுத்துத் தட்டைப்பயறையோ சர்க்கரைவள்ளியையோ நெருக்கமாக நட்டுத் தரையை மூடிவிட வேண்டும்.

பண்ருட்டியார்:
முந்திரிச் சருகும் கரும்புச் சோகையும் மூடாக்காகப் போட்டால் போதாதா?

கூத்தப்பாக்கத்தார்:
சாரணை போன்ற களைக்குப் போதும். பருப்புக்கீரையும் அடங்கும், அதைக் கடைந்து சாப்பிடலாம் என்பது வேறு. கோரையின் முனையோ பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வெளிவரும்.

நெல்லிக்குப்பத்தார்:
இரண்டு சென்டை ஒரு முழ ஆழம் வெட்ட இன்று ஆள் எங்கே கிடைக்கிறது? வயதானவரின் இடுப்பு தாங்குமா?

கூத்தப்பாக்கத்தார்:
ஒரே நாளில் வெட்டச் சொல்லவில்லை. நாளுக்கொரு பாத்தி போதும். சித்திரை வரும்வரை, புதிய தாள் கிழங்குக்கு உணவு சேர்க்கத் தொடங்கும் முன்பே அதை அறுத்துக்கொண்டிருங்கள்.