ஜேஎன்டிஐ லுக்அப்: பெயர் கிடைத்தது, உள்ளே ஒன்றும் இல்லை

டாம்கேட்டில் (ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர்) ஜேஎன்டிஐ (ஒரு பெயரைச் சொல்லிப் பொருளைத் தேடி எடுக்கும் ஜாவா வசதி, அந்தத் தேடல்தான் லுக்அப்) வழியாக டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எடுப்பவர்கள் ஒருமுறையாவது இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள்: "கேனாட் கிரியேட் ஜேடிபிசி டிரைவர் ஆஃப் கிளாஸ் '' ஃபார் கனெக்ட் யுஆர்எல் 'நல்'". எங்களை இரண்டு நாள் அலைக்கழித்த வரி இது. சோதனை சர்வரில் நன்றாக ஓடிய அதே வார் ஃபைல் (அப்ளிகேஷன் முழுவதையும் கட்டிய கோப்பு), புது சர்வரில் போட்டதும் லாகின் பக்கத்திலேயே விழுந்தது.

டிரைவர் என்று சொல்கிறதே என்று டிரைவர் ஜாரின் (டேட்டாபேஸுடன் பேச உதவும் ஜாவா கோப்பு) பின்னால் ஓடினோம். அப்ளிகேஷனுக்குள் வெப்-இன்ஃப் லிப்பில் இருந்ததை டாம்கேட்டின் லிப் ஃபோல்டருக்கு மாற்றினோம். (அது தேவையான மாற்றம்தான். கனெக்‌ஷன் பூலை, அதாவது தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பை, உருவாக்குவது டாம்கேட். அதனால் டிரைவரும் அதன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும்.) வேறு பதிப்பும் போட்டுப் பார்த்தோம். பிழைச் செய்தி ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அப்புறம்தான் அதை நிதானமாகப் படித்தேன். கிளாஸ் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள் குறி, முகவரிக்கு 'நல்', அதாவது ஒன்றுமில்லை. டிரைவரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று அது சொல்லவே இல்லை. எந்த டிரைவர் வேண்டும் என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்கிறது. எங்கள் அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பான வெப் டாட் எக்ஸ்எம்எல்லில் 'ஜேடிபிசி/ஸ்டோர்டிபி' என்ற பெயரில் ரிசோர்ஸ்-ரெஃப் (இந்தப் பெயரில் ஒரு ரிசோர்ஸ் வேண்டும் என்ற குறிப்பு) இருந்தது. அதே பெயரில் ரிசோர்ஸ் (டிரைவர், முகவரி போன்ற விவரங்கள்) கிடைக்காவிட்டாலும், அந்த ரெஃபை நம்பி டாம்கேட் ஒரு காலி பூலைக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. லுக்அப் வெற்றி. கனெக்‌ஷன் கேட்கும்போதுதான் குட்டு உடைகிறது.

சரி, ரிசோர்ஸ் எங்கே போனது? மெட்டா-இன்ஃபில் உள்ள கான்டெக்ஸ்ட் டாட் எக்ஸ்எம்எல்லில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த சர்வரின் கான்ஃப்/கேட்டலினா/லோக்கல்ஹோஸ்ட் ஃபோல்டரில் எங்கள் அப்ளிகேஷன் பெயரிலேயே ஒரு பழைய எக்ஸ்எம்எல் கிடந்தது. இரண்டும் இருந்தால் அங்கே இருப்பதற்குத்தான் முன்னுரிமை. அதில் பெயர் 'ஜேடிபிசி/ஸ்டோர்'. அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் இந்தப் பிழை வந்தால் முதலில் ரிசோர்ஸ்-ரெஃபைத் தற்காலிகமாக கமென்ட் செய்துவிடுகிறேன். பிழை நேம்நாட்ஃபவுண்ட்எக்ஸ்செப்ஷனாக (அந்தப் பெயரே இல்லை) மாறினால், ரிசோர்ஸ் சேரவில்லை என்பது உறுதி. டிரைவரைத் தொடவே வேண்டாம்.

*

மேலே எழுதியவரைப் போலவே எனக்கும் இதே 'நல்' வந்தது, காரணம் வேறு. பல அப்ளிகேஷன்களுக்குப் பொதுவாக இருக்கட்டும் என்று சர்வர் டாட் எக்ஸ்எம்எல்லின் குளோபல் நேமிங் ரிசோர்சஸில் எழுதியிருந்தேன். அங்கே எழுதியது அப்ளிகேஷனுக்குத் தானாகத் தெரியாது. கான்டெக்ஸ்ட்டில் ரிசோர்ஸ்லிங்க் போட்டு இணைக்க வேண்டும்.

டாம்கேட் 7-இலிருந்து 8-க்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பூல் அமைப்புகளில் மேக்ஸ்ஆக்டிவ் (அதிகபட்ச இணைப்புகள்) இப்போது மேக்ஸ்டோட்டல், மேக்ஸ்வெயிட் (அதிகபட்சக் காத்திருப்பு) இப்போது மேக்ஸ்வெயிட்மில்லிஸ். பழைய பெயரை விட்டுவைத்தால் லாகில் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும், பூல் இயல்பு அளவில் ஓடும்.

*

எங்களுக்கு லுக்அப் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. ஜாவா 11-க்கு மாறிய பிறகு தொடங்கியது. பேரலல் ஸ்ட்ரீம் (வேலையைப் பல த்ரெட்களுக்கு, அதாவது இணையாக ஓடும் இழைகளுக்கு, பிரித்துக் கொடுக்கும் ஜாவா வசதி) வழியாக ஓடிய ஒரு பகுதியில் மட்டும் விழுவதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. லுக்அப் தேடும் 'ஜாவா:காம்ப்/என்வ்' எல்லாருக்கும் பொதுவான இடம் இல்லை. எந்த அப்ளிகேஷன் கேட்கிறது என்பதை த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை (கிளாஸ்களை ஏற்றித் தரும் பகுதி) வைத்தே டாம்கேட் அறிகிறது. ஜாவா 9 முதல், பேரலல் ஸ்ட்ரீம் பயன்படுத்தும் பொது ஃபோர்க்ஜாயின் பூலின் த்ரெட்களுக்கு சிஸ்டம் கிளாஸ்லோடர்தான். வேலை அழைத்த த்ரெட்டிலேயே நடந்தால் கிடைத்தது, பூலுக்குப் போனால் இல்லை. அப்ளிகேஷன் தொடங்கும்போதே ஒருமுறை லுக்அப் செய்து டேட்டாசோர்ஸை (இணைப்பு தரும் பொருள்) வைத்துக்கொண்டோம். நின்றுவிட்டது.

*

நான் எல்டாப் (பயனர் விவரங்கள் உள்ள டைரக்டரியிடம் கேட்கும் நெறிமுறை) பக்கம், அதற்கும் ஜேஎன்டிஐதான். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் டொமைனின் வேரிலிருந்தே பயனரைத் தேடினோம், பார்ஷியல்ரிசல்ட்எக்ஸ்செப்ஷன் வந்தது. ரெஃபரலை ('வேறு சர்வரிடம் கேள்' என்ற பதில்) 'ஃபாலோ' என்று மாற்றச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதியிருந்தார்கள், மாற்றினோம். பிழை போனது, ஆனால் லாகின் ஒவ்வொன்றும் நிமிடக்கணக்கில் தொங்கியது. ரெஃபரலில் வரும் சர்வர் பெயர்களை எங்கள் வெப் சர்வரின் டிஎன்எஸ்ஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தேடலும் போய்த் தட்டிக் காத்திருந்தது. 'ஃபாலோ'வை எடுத்துவிட்டு, பயனர்கள் இருக்கும் ஓயூவை (டைரக்டரியின் ஒரு கிளை) தேடலின் தொடக்கமாக வைத்தோம். முழு டைரக்டரியும் வேண்டும் என்றால் 3268 போர்ட்டில் குளோபல் கேட்டலாக் இருக்கிறது. ரீட் டைம்அவுட்டைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பதில் வரும்வரை காத்திருக்கும். மதிப்பு மில்லிசெகண்டில், எண்ணாக அல்ல, ஸ்ட்ரிங்காக.

எல்டாப் பிழை 49 (உள்நுழைவு தோல்வி) வந்தால் உடனே கடவுச்சொல் தவறு என்று முடிவு கட்டாதீர்கள். பிழைச் செய்தியில் 'டேட்டா' என்பதற்கு அடுத்து வருவதைப் பாருங்கள்: 52இ என்றால் கடவுச்சொல், 525 பயனரே இல்லை, 533 கணக்கு முடக்கப்பட்டது, 775 பூட்டப்பட்டது. எங்கள் சர்வீஸ் கணக்கே 775-இல் இருந்தபோது, பயனர்களிடம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

*

முதலில் எழுதியவன்தான். த்ரெட் பற்றி எழுதியவருக்கு நன்றி. எங்கள் ராத்திரி ரிப்போர்ட் வேலையும் அதே காரணத்தால்தான் விழுந்துகொண்டிருந்தது. தொடக்கத்திலேயே லுக்அப் செய்வதாக மாற்றி, கூடவே ஒரு கனெக்‌ஷன் எடுத்து அதன் யுஆர்எல்லை லாகில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எடுக்க முடியாவிட்டால் அப்ளிகேஷன் எழும்பாது.