மேப்பிள் மரத்தடியில் மஸ்காரி வளருமா?

கேள்வி:
வணக்கம். டொரன்டோவில் எங்கள் வீட்டு மேப்பிள் மரத்தடியில், பனி உருகியபின் பூக்கும் சிறு கிழங்குச் செடிகளை நட விரும்புகிறேன். திராட்சைக் கொத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் நீலமாகப் பூக்கும் மஸ்காரி அங்கே தழைக்குமா? குரோக்கஸ் கிழங்குகளை அணில்கள் தோண்டித் தின்றுவிடுகின்றன.

மறுமொழி 1:
நன்றாகத் தழைக்கும். மேப்பிள் முழுமையாக இலை விரிப்பதற்குள் தனக்கு வேண்டிய வெயிலை மஸ்காரி பெற்றுவிடும். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, மண் உறைவதற்கு முன்பாக, நீர் தேங்காத இடத்தில், 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில், கூர்முனை மேல்நோக்கி இருக்குமாறு நடுங்கள். ஐந்தாறு கிழங்குகளை ஆங்காங்கே நட்டால் கண்ணில் படாது. ஐம்பதையாவது ஒரே இடத்தில் நெருக்கமாக நட்டால்தான் அதன் அழகு தெரியும். அணில்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இலையுதிர் காலத்திலேயே இலைகள் வெளிவந்தால் கவலைப்படாதீர்கள். அது இச்செடியின் இயல்பு.

மறுமொழி 2:
முந்தைய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். நீலமாகப் பூக்கும் சைபீரிய ஸில்லா என்ற கிழங்குச் செடியையும் பலர் பரிந்துரைப்பார்கள். ஆனால் அது விதையால் வேலி தாண்டிப் பரவி, டிரில்லியம் போன்ற மண்ணுக்குரிய காட்டுப்பூக்களின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், பள்ளத்தாக்கு வனங்களை ஒட்டி வசிப்பவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மாற்றாகப் பனித்துளிப் பூவை (ஸ்னோடிராப்) நடலாம். அதன் கிழங்கு நச்சுத்தன்மை கொண்டதாதலால் அணில்கள் அண்டுவதில்லை.

மறுமொழி 3:
பூ உதிர்ந்ததும் இலைகளை வெட்டிவிடாதீர்கள். அவை தாமாகவே மஞ்சளாகி வாடும்வரை, அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவைக் கிழங்கில் சேமித்துக்கொண்டிருக்கும்.