அந்த அரை மணி நேரம்

எனக்கு வயது 63. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8, அதாவது எலும்புப்புரை என்று வந்ததும், எலும்புக்கான அலெண்ட்ரோனேட் மாத்திரை 70 மில்லிகிராம், வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தேன். நான்காவது வாரம் தூக்கக் கலக்கம். கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு மறுபடி சாய்ந்துவிட்டேன். மத்தியானம் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மறுநாள் எச்சில் விழுங்கினாலே எரிந்தது. மாரடைப்போ என்று பயந்து ஓடினேன். ஈசிஜி சரியாக இருந்தது. அப்புறம் டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?" மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கியிருக்கிறது. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆறுவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. வேறு யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

—

அக்கா, எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை, மலச்சிக்கல்தான்! இரண்டு மாதம் வாராந்திர மாத்திரையையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் தினமும் போட்ட கால்சியம் கார்பனேட்டின் வேலை அது. டாக்டர் சிட்ரேட்டாக மாற்றிக் கொடுத்ததும் சரியானது. அந்தக் கால்சியத்தை எலும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடவும் கூடாது. வெறும் வயிற்றில் போட்டாலே இந்த மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது, கால்சியம் கூட இருந்தால் அதுவும் போச்சு. காபியும் அப்படித்தான். காலைக் காபி அரை மணி நேரம் தள்ளிப்போவதுதான் எனக்குப் பெரிய பக்கவிளைவு!

—

அம்மாவுக்காக எழுதுகிறேன். முதுகெலும்பு நசுங்கிக் கூன் விழுந்தவர், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காருவதே தண்டனை. போதாததற்கு நெஞ்செரிச்சல் வேறு. மாதம் ஒருமுறை போடும் இபாண்ட்ரோனேட் என்ற எலும்பு மாத்திரையைப் பற்றிக் கேட்டோம். அதற்கு ஒரு மணி நேரம் படுக்கக் கூடாதாம்! சரி என்று அதே வகை மருந்தான ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அதற்கு முன்பே சிறுநீரகத்துக்கும் வைட்டமின் டிக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மறுநாள் காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்புவலி. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "நெஞ்சு எரியல" என்றார்.

—

நன்றிம்மா. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது இந்த ஊசியைப் பற்றிக் கேட்கிறேன். மிச்ச மாத்திரைகள் இன்னும் அலமாரியில்தான் கிடக்கின்றன.