வெந்தயத் தண்ணி குடித்தால் உடம்பு இளைக்குமா?

செந்தூல்வாசி:
வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணி குடித்தால் மாதம் அஞ்சு கிலோ இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. உண்மையா? எவ்வளவு போடணும்? அம்மாவுக்கும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், அவருக்கு இனிப்புநீர் உண்டு.

மசாலா டப்பா:
அஞ்சு கிலோ எல்லாம் சும்மா கதை. கொழுப்பைக் கரைக்கிற வேலை வெந்தயத்துக்குக் கிடையாது. அதில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. அதிலும் காலாக்டோமன்னான் என்கிற வழவழப்புப் பகுதி தண்ணியை இழுத்து ஊதும். சாப்பாடு வயிற்றை விட்டு மெதுவாக இறங்கும், பசி கொஞ்சம் தள்ளிப்போகும். அவ்வளவுதான். அந்த நாரில் பெரும்பகுதி விதையிலேயே இருப்பதால், தண்ணியை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டினால் கசப்புதான் மிச்சம்.

முதல் வாரம் அரை டீஸ்பூன் போதும். எடுத்தவுடனே அதிகம் போட்டால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியே ஆகும். பிறகு மெல்ல இரண்டு டீஸ்பூன் வரை போகலாம், ஏறக்குறைய 8 கிராம். இரண்டு முறை அலசி, ஒரு கிளாஸ் தண்ணியில் ஊறப்போட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள். நம்ம கோலாலம்பூர் சூட்டில் மேசைமேல் விட்டால் காலையில் நுரைத்துப் புளித்த வாடை வரும். விதையை மென்று தின்று அந்தத் தண்ணியையும் குடிக்கணும். கசப்பு தாங்காவிட்டால் சீனி போடாத மோரில் அரைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பொடியை அப்படியே வாயில் போடவே கூடாது, தொண்டையில் ஒட்டி ஊதிவிடும்.

பார்மசி அக்கா:
அம்மா என்ன மாத்திரை எடுக்கிறார்?

செந்தூல்வாசி:
மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும், அக்கா.

பார்மசி அக்கா:
கிளிக்லசைட் இருந்தால் கவனம் தம்பி. வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. கிளினிக்கில் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், மாத்திரையையும் நீங்களாகக் குறைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழம்பில் தாளிக்கிற அளவே போதும். கச்சான் (நிலக்கடலை), கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். வியர்வையில் பாகு மாதிரி வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், அது வெந்தயத்தின் வேலை.

கோசோங் மணி:
குடித்த கையோடு கடைக்குப் போய் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக் அடித்தால் என்ன பிரயோஜனம்? ஒரு ரொட்டியே 300 கலோரிக்குப் பக்கம். தே தாரேக்கில் ஊற்றுகிற சூசு மானிஸ் (இனிப்புக் கெட்டிப் பால்) ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 60, கடைக்காரர் ஒரு கரண்டியோடு நிறுத்துவதும் இல்லை. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினால் அந்தக் கணக்கு அப்படியே மிச்சம்.

இன்னொன்று: 'வெந்தய ஸ்லிம்மிங்' என்று ஆன்லைனில் விற்கிற கேப்சூல். பெட்டியில் MAL என்று தொடங்கி, எட்டு இலக்கம் வந்து, T-யில் முடிகிற பதிவு எண் இருக்கணும். இருந்தாலும் மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) தளத்தில் தட்டிப் பாருங்கள், வேறு பொருளின் எண்ணை ஒட்டி விற்பவர்களும் உண்டு. இளைக்கிற மருந்துகளில் சிபுட்ராமின் என்கிற பசியை அடக்கும் மருந்து கலந்து பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இலேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையை விட்டு எடுத்த சரக்கு அது. ஒரே வாரத்தில் பசியே செத்துப்போய், நெஞ்சு படபடத்தால் அது வெந்தயம் இல்லை. நிறுத்திவிட்டு, பெட்டியோடு டாக்டரிடம் போங்கள்.